வாங்கியது யாருக்குச் சொந்தம்? மின்வழிப் பொருள்களும் உடைமையும்

மென்பொருள், பாடல், திரைப்படம், மின்னூல், கணினி விளையாட்டு ஆகியவற்றை இணையத்தில் விலை கொடுத்து வாங்குபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பயன்பாட்டு உரிமம் மட்டுமே. அந்த உரிமம் எத்தனை நாள் செல்லும், எந்தக் கருவியில் செல்லும், இன்னொருவருக்குக் கைமாற்றலாமா என்பதையெல்லாம் விற்றவர் எழுதிவைத்த ஒப்பந்தமே முடிவு செய்கிறது. கடையில் வாங்கிய புத்தகத்துக்கும் இசைத்தட்டுக்கும் இப்படியொரு கட்டுப்பாடு இருந்ததில்லை. இந்த மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. சட்டம், மின்பூட்டு, விற்பவரின் சர்வர், கருவிக்கான ஆதரவு, கோப்பு வடிவம் என ஐந்து வழிகளில், சுமார் ஐம்பது ஆண்டுகளில் படிப்படியாக வந்தது. இவை ஒவ்வொன்றும் வாங்கியவரின் கையிலிருந்து எதை எடுத்துக்கொண்டது, பதிலுக்கு எதைக் கொடுத்தது என்று தனித்தனியே பார்த்தால்தான் இன்றைய நிலை விளங்கும்.

பிரதி கையில் இருந்த காலம்

பழைய புத்தகக் கடைகள் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதற்கு ஒரு கோட்பாடு துணை நிற்கிறது. பதிப்புரிமை உடையவர் ஒரு பிரதியை விற்றுவிட்டால், அந்தப் பிரதியின் மீது அவருக்கு இருந்த பிடி அத்துடன் முடிகிறது. வாங்கியவர் அதை விற்கலாம், கொடுக்கலாம், கிழித்தும் போடலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் பாப்ஸ்-மெரில் எதிர் ஸ்ட்ராஸ் வழக்கில் இதை உறுதிசெய்தது. பாப்ஸ்-மெரில் பதிப்பகம் தன் நாவல் ஒன்றில், ஒரு டாலருக்குக் குறைவாக விற்பது பதிப்புரிமை மீறல் என்று அச்சிட்டிருந்தது. மேசிஸ் அங்காடியை நடத்திய ஸ்ட்ராஸ் சகோதரர்கள் அதே நாவலை 89 சென்ட்டுக்கு விற்றார்கள். புத்தகத்தை விற்று முடித்த பதிப்பகம் அதற்கு மேல் விலை சொல்ல முடியாது என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் இக்கோட்பாடு இடம்பெற்றது. இன்று அது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 109ஆம் பிரிவாக இருக்கிறது.

கிராமபோன் தட்டு, ஒலிநாடா, வீடியோ கேசட் எல்லாம் இதே வழியில் நடந்தன. 1984இல் சோனியின் பீட்டாமாக்ஸ் வழக்கில், தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது மீறல் ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கியவரின் வீட்டு வாசலோடு விற்றவரின் அதிகாரம் நின்றுவிடும் என்பதே அந்தக் காலத்தின் பொது நம்பிக்கை.

மென்பொருள் மட்டும் தொடக்கத்திலிருந்தே வேறு பாதையில் போனது. 1960களில் கணினியோடு சேர்ந்து வந்த ஒரு துணைப்பொருளாகவே அது இருந்தது. 1969இல் ஐபிஎம் நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. 1976இல் பில் கேட்ஸ், ஆல்டேர் கணினிக்காகத் தாங்கள் எழுதிய பேசிக் மென்பொருளைப் பலர் பணம் கொடுக்காமல் படியெடுக்கிறார்கள் என்று கணினி ஆர்வலர்களுக்குத் திறந்த கடிதம் எழுதினார். 1980இல் அமெரிக்காவும் 1984இல் இந்தியாவும் கணினி நிரலைப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. புத்தகத்தைப் படிக்கப் படியெடுக்க வேண்டியதில்லை. நிரலை இயக்க வேண்டுமானால் அதை வட்டிலும் நினைவகத்திலும் படியெடுத்தே ஆக வேண்டும். படியெடுக்கும் உரிமை பதிப்புரிமையாளரிடம் இருப்பதால், இயக்குவதற்கே அவருடைய அனுமதி தேவை என்ற வாதம் எழுந்தது. உறையைப் பிரித்தாலே ஒப்பந்தத்துக்கு உடன்பட்டதாகக் கொள்ளப்படும் உரிமங்கள் இப்படித்தான் பெட்டிகளில் ஒட்டப்பட்டன. 1996இல் புரோசிடி எதிர் செய்டன்பெர்க் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அவை செல்லும் என்றது. 2010இல் வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் மேலும் ஓர் அடி எடுத்துவைத்தது. ஆட்டோகேட் பதினான்காம் பதிப்பின் பழைய வட்டுகளை வாங்கி ஈபேயில் விற்ற ஒருவர், அவற்றை விற்க முடியாது என்றானது. முதலில் வாங்கிய நிறுவனமே உரிமம் பெற்றதே தவிர உடைமையாளர் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். வட்டு கையில் இருந்தும் சொந்தம் இல்லை என்ற நிலை அங்கே சட்டமாயிற்று.

பூட்டு வந்த கதை

1982இல் இசைக் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோது அதற்குப் பூட்டு எதுவும் கிடையாது. வீட்டுக் கணினி ஒன்று அதைப் படித்துப் படியெடுக்கும் என்று அதை வடிவமைத்தவர்கள் எண்ணவில்லை. 1996இல் வந்த டிவிடியில் அந்தப் பாடம் கற்கப்பட்டிருந்தது. படம் சிஎஸ்எஸ் என்னும் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டது. உலகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. அமெரிக்கா ஒன்றாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். நியூயார்க்கில் முழு விலை கொடுத்து வாங்கிய டிவிடி, சென்னையில் வாங்கிய இயக்கியில் ஓட மறுத்ததற்கு இதுவே காரணம். திருட்டைத் தடுக்க வந்ததாகச் சொல்லப்பட்ட பூட்டு, நேர்மையாக வாங்கியவர் எந்த நாட்டில் எப்போது பார்க்கலாம் என்பதையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது.

1999இல் அந்தப் பூட்டு உடைந்தது. டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரலை வெளியிட்டதற்காக நார்வேயைச் சேர்ந்த பதின்வயதுச் சிறுவன் ஒருவன் மீது வழக்குத் தொடரப்பட்டது. தான் வாங்கிய படத்தைத் தன் கணினியில் பார்க்க வழி செய்தது குற்றமாகாது என்று 2003இல் அவன் விடுவிக்கப்பட்டான். அமெரிக்காவிலோ 1998ஆம் ஆண்டின் டிஎம்சிஏ சட்டம், பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியிருந்தது. உள்ளே இருக்கும் பொருளைச் சட்டப்படி வாங்கியிருந்தாலும், ஒரு சில விலக்குகள் தவிர, அங்கே பூட்டில் கைவைக்கக் கூடாது.

பூட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டுகள் காட்டின. அவற்றை விண்டோஸ் கணினியில் போட்டால், படியெடுப்பதைத் தடுக்கும் ஒரு நிரல் பயனருக்குத் தெரியாமல் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. அது ஏற்படுத்திய மறைவிடத்தைத் தீநிரல்களும் பயன்படுத்தத் தொடங்கின. வழக்குகளும் கண்டனங்களும் எழ, நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. காசு கொடுத்து வாங்கியவரின் கணினி கெட்டது. இணையத்தில் திருடிக் கேட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2003 ஏப்ரலில் ஒரு பாடல் 99 சென்ட் என்ற விலையில் திறந்தபோது, அந்தப் பாடல்களும் பூட்டோடுதான் வந்தன. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ், இசை நிறுவனங்கள் சம்மதித்தால் பூட்டில்லாமல் விற்கத் தயார் என்று வெளிப்படையாக எழுதினார். அந்த ஆண்டே இஎம்ஐ இசைந்தது, அமேசான் பூட்டற்ற எம்பி3 கடையைத் திறந்தது. 2009இல் ஐடியூன்ஸின் பாடல்கள் முழுவதும் பூட்டில்லாமல் கிடைக்கத் தொடங்கின. இசையில் மட்டும் பூட்டு தோற்றதற்குக் காரணம் எளியது. அதே பாடல்கள் ஏற்கெனவே பூட்டற்ற குறுந்தகடுகளில் உலகெங்கும் இருந்தன. முன்வாசல் திறந்து கிடக்கும் வீட்டின் கொல்லைப்புறத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டுப் பயனில்லை. படங்களுக்கும் மின்னூல்களுக்கும் விளையாட்டுகளுக்கும் அப்படியொரு பூட்டற்ற முன்னோடி இல்லாததால் அவற்றில் பூட்டு நிலைத்துவிட்டது.

சாவி விற்பவரின் சர்வரில்

பூட்டுக்குச் சாவி எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 2000களின் நடுப்பகுதியிலிருந்து சாவி, விற்பவரின் சர்வருக்குப் போய்விட்டது. அதன் விளைவை முதலில் உணர்ந்தவர்கள் எம்எஸ்என் மியூசிக் கடையில் பாட்டு வாங்கியவர்கள். 2008இல் மைக்ரோசாஃப்ட், அந்தக் கடையின் உரிமச் சர்வர்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பாடல் கோப்பு கணினியிலேயே இருக்கும். புதிய கணினிக்கு மாற்றினால் மட்டும் ஓடாது. எதிர்ப்பு எழுந்ததும் காலக்கெடு 2011 வரை தள்ளிவைக்கப்பட்டது.

2009 ஜூலையில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. கின்டில் கருவியில் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகியவற்றின் குறிப்பிட்ட மின்பதிப்புகளை வாங்கியவர்கள், அவை தங்கள் கருவியிலிருந்து காணாமல் போயிருப்பதைக் கண்டார்கள். அவற்றை விற்பனைக்கு ஏற்றியவருக்கு அமெரிக்காவில் அந்த நூல்களின் உரிமை இல்லை என்று தெரியவந்ததும், அமேசான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. பள்ளிப் பாடத்துக்காக ஒரு மாணவன் நூலில் குறித்துவைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போனதால் வழக்கும் வந்தது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். உரிமையற்ற பிரதியை விற்பனையிலிருந்து நீக்கியது சரி. ஆனால் அச்சு நூலாக இருந்தால் எந்தப் பதிப்பகமும் வாசகரின் வீட்டுக்குள் புகுந்து அலமாரியிலிருந்து எடுத்துப் போயிருக்க முடியாது.

2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கப்பட்ட நூல்கள் எல்லாமே திறக்க முடியாமல் போயின. முழுப் பணமும் திரும்பக் கிடைத்தது. நூலில் குறிப்பெழுதியவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைக்கப்பட்டது. 2023 டிசம்பரில் சோனி, தன் பிளேஸ்டேஷன் கடையில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளை விலைக்கு வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அவை ஆண்டிறுதியில் நீக்கப்படும் என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் அதைக் கைவிட்டது. 2025 பிப்ரவரியில் அமேசான், வாங்கிய கின்டில் நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை நிறுத்தியது. அதற்கு முன்பு, நூலின் ஒரு பிரதியைத் தன் கணினியில் வைத்துக்கொள்வதற்கு வாசகருக்கு இருந்த எளிய வழி அதுவே.

தமிழுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2016 டிசம்பரில் கின்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாக இடம்பெறத் தொடங்கின. அச்சுச் செலவில்லாமல் நூல் வெளியிட அது நல்வழி திறந்தது. அதே வேளையில், ஒரே ஒரு கடையில் மின்னூலாக மட்டும் வெளிவரும் தமிழ்ப் படைப்பின் ஆயுள், அந்தக் கடை எடுக்கும் முடிவோடு கட்டுண்டு போகிறது. நூலகத்தில் ஒரு பிரதி, நண்பர் வீட்டில் ஒரு பிரதி என்ற பழைய பாதுகாப்பு அதற்குக் கிடையாது.

விலையிலிருந்து சந்தாவுக்கு

மென்பொருள் விற்பனையில் திருப்புமுனை 2013 மே மாதம் வந்தது. ஃபோட்டோஷாப், இன்டிசைன் முதலியவற்றின் புதிய பதிப்புகள் இனிச் சந்தாவில் மட்டுமே கிடைக்கும் என்று அடோபி அறிவித்தது. 2012இல் வந்த ஆறாம் கிரியேட்டிவ் சூட்தான் ஒரே தடவை விலை கொடுத்து வாங்கக்கூடிய கடைசித் தொகுப்பாயிற்று. மைக்ரோசாஃப்ட் 2011இலேயே ஆஃபீஸ் 365 என்ற சந்தா முறையைத் தொடங்கியிருந்தாலும் ஒற்றை விலைப் பதிப்பைக் கைவிடவில்லை. ஆஃபீஸ் 2024 வரை அது தொடர்கிறது.

சந்தாவுக்குச் சாதகமான வாதங்கள் வலுவற்றவை அல்ல. பெருந்தொகை ஒரே நேரத்தில் தேவையில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் வருகின்றன. நிறுவனத்துக்கும் ஒழுங்கான வருவாய் கிடைப்பதால், விற்பனைக்காகவே தேவையற்ற புதிய அம்சங்களைத் திணிக்க வேண்டிய நெருக்கடி குறைகிறது. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. சந்தா நின்றால் கருவி நிற்கும். கருவி நின்றால் அதில் உருவாக்கிய சொந்தக் கோப்பையே திறக்க வழியில்லாமல் போகலாம். இசைச் சந்தாவை நிறுத்தினால் பிறருடைய பாட்டுகள் போகின்றன. வடிவமைப்பு மென்பொருளின் சந்தாவை நிறுத்தினால் பயனர் தன் உழைப்பையே இழக்கக்கூடும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

விளையாட்டுகள்

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக வெடித்த இடம் கணினி விளையாட்டு. வால்வ் நிறுவனம் 2003இல் ஸ்டீம் என்ற விநியோகத் தளத்தைத் தொடங்கியது. 2004இல் வந்த ஹாஃப் லைஃப் 2 விளையாட்டை, கடையில் பெட்டியாக வாங்கியவரும் ஸ்டீம் கணக்கில் பதிவு செய்தே ஆட முடிந்தது. பெட்டி இருந்தும் அனுமதி வேறிடத்திலிருந்து வர வேண்டும் என்ற வழக்கத்துக்கு அது பெரிய தொடக்கம். 2008இல் ஜிஓஜி தளம் பழைய விளையாட்டுகளைப் பூட்டு நீக்கி, நிறுவும் கோப்போடு விற்கத் தொடங்கியது. பூட்டில்லாமல் விற்றாலும் வணிகம் நடக்கும் என்பதற்கு அது இன்றும் சான்று.

2014இல் யுபிசாஃப்ட் வெளியிட்ட ‘தி க்ரூ’ கார்ப் பந்தய விளையாட்டு, தனியாக ஆடினாலும் சர்வர் இணைப்புக் கேட்டது. 2024 மார்ச் 31இல் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. விலை கொடுத்தவர் கையில் இருந்த வட்டும் கோப்பும் அன்றே வெறும் பிளாஸ்டிக்காகவும் வெற்று இடமாகவும் ஆயின. இதையொட்டி எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம், சர்வரை நிறுத்தும் நிறுவனம் விளையாட்டை ஆடத்தக்க நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று கோரியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. சர்வரை என்றென்றைக்கும் நடத்து என்று அது கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்பதே கோரிக்கை.

நேர்மாறான முன்மாதிரியும் உண்டு. கூகுள் 2023 ஜனவரியில் தன் ஸ்டேடியா விளையாட்டுச் சேவையை மூடியபோது, தன் கடையில் விற்ற விளையாட்டுகளுக்கும் கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

கருவியின் ஆயுள்

கணினி கையால் தொடக்கூடிய பொருள். அதில் உடைமை பற்றிய ஐயமே எழக் கூடாது. ஆனால் கணினியின் பயன், அதில் ஓடும் இயங்குதளத்துக்குத் தொடர்ந்து வரும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பொறுத்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், ஏறத்தாழ 2018க்குப் பிந்தைய செயலிகளையும் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பல, எந்தப் பழுதும் இல்லாமலேயே முறைப்படியான மேம்பாட்டுக்குத் தகுதியற்றவை ஆயின. வீட்டுப் பயனர்களுக்கு மேலும் ஓராண்டுக்கு நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அளித்தது. லினக்ஸ் நிறுவுவது இன்னொரு வழி. உலாவி, அலுவலகப் பணி, படம் பார்த்தல் ஆகியவற்றுக்குப் பத்தாண்டு பழைய கணினியும் அதில் தாராளமாகப் போதும்.

மென்பொருள் ஆதரவு நின்றால் ஒரு முழுக் கலை வடிவமே மறையலாம் என்பதற்கு ஃபிளாஷ் எடுத்துக்காட்டு. 2020 டிசம்பர் 31இல் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியது. இரு வாரங்களுக்குள் ஃபிளாஷ் இயக்கியே உள்ளடக்கத்தைத் தடுக்கத் தொடங்கியது. அதில் பாதுகாப்பு ஓட்டைகள் மிகுதி, ஆகவே முடிவு நியாயமானது. இருபதாண்டு அசைபடங்களும் விளையாட்டுகளும் அதனோடு போயிருக்க வேண்டியவை. ரஃபிள் என்ற திறமூலப் போலிச்செயலியை ஆர்வலர்கள் எழுதியதாலும், இன்டர்நெட் ஆர்க்கைவ் அதைப் பயன்படுத்தியதாலும் ஒரு பகுதி பிழைத்தது.

பார்ப்பதற்கு மட்டும்

நெட்ஃபிளிக்ஸ் 2007இலும் ஸ்பாட்டிஃபை 2008இலும் தொடங்கிய ஓடைச் சேவைகளை இந்தக் குற்றப்பட்டியலில் சேர்ப்பது சரியல்ல. அவை தங்களை வாடகையாகவே அறிவித்துக்கொள்கின்றன. மாதத் தொகை கொடுக்கும் யாரும் படம் தமக்குச் சொந்தம் என்று எண்ணுவதில்லை. சிக்கல் எழுவது, ஒரு படைப்பு ஓடையில் தவிர வேறெங்கும் கிடைக்காதபோது. 2023 மே மாதம் டிஸ்னி பிளஸ், தனக்காகவே எடுக்கப்பட்ட ‘வில்லோ’ தொடரை, கடைசிப் பகுதி வெளியாகி ஆறு மாதம் முடிவதற்குள் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. திரையரங்கில் ஓடாத, வட்டாக விற்கப்படாத படைப்பு இவ்வாறு நீக்கப்பட்டால், பொதுமக்கள் கையில் சட்டபூர்வமான பிரதி ஒன்றுகூட மிஞ்சாது. வாடகை முறை நுகர்வோரைவிடப் பண்பாட்டு நினைவுக்குத்தான் அதிகக் கேடு செய்யக்கூடியது.

கோப்பு இருந்தும் படிக்க முடியாதபோது

பூட்டும் சர்வரும் இல்லாமலேயே ஒரு கோப்பு இறந்துபோகலாம். இதைத் தமிழ்க் கணினி உலகம் போல நன்கு அறிந்தவர்கள் குறைவு. 1990களிலும் 2000களிலும் தமிழ் நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் பேஜ்மேக்கரில், ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்த குறியேற்றங்களில் அச்சுக் கோக்கப்பட்டன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்து குறிகளே திரையில் தெரியும். தேடினாலும் ‘தமிழ்’ கிடைக்காது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த ஏழாம் பதிப்பு. ஆகவே பல பதிப்பகங்களின் பழைய வட்டுகளில் நூல்கள் இருந்தும், அவற்றை மறுபதிப்புக்கு எடுக்க மென்பொருள், எழுத்துரு, குறிமாற்றி மூன்றும் ஒன்றுகூட வேண்டியிருக்கிறது.

1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் சாதாரணக் கணினிகளில் அது பழக்கத்துக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இடைக்காலத்தில் 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் குறியேற்றங்களும், இணையத்தில் டிஸ்கியும் புழங்கின. 2010இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 முறையையும் தரமாக ஏற்றது. இந்த அலைகளையெல்லாம் கடந்து பிழைத்ததற்கு மதுரைத் திட்டம் நல்ல சான்று. 1998 பொங்கலன்று தொடங்கிய இத்தன்னார்வத் திட்டம், சங்க நூல்கள் முதலாகத் தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்கியது. டிஸ்கியில் இருந்த நூல்கள் பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. பூட்டில்லாத எளிய உரைக் கோப்புகளாகவும், குறியேற்ற அட்டவணை வெளிப்படையாகவும் இருந்ததால்தான் அந்த மாற்றம் முடிந்தது.

உலகளவிலும் இதே பாடம்தான். ஓடிஎஃப் ஆவண வடிவம் 2006இலும் பிடிஎஃப் 2008இலும் பன்னாட்டுத் தர நிறுவனத்தின் தரங்களாயின. மின்னூலுக்கு ஈபப், இழப்பற்ற இசைக்கு ஃபிளாக் ஆகியவை யாரும் பயன்படுத்தக்கூடியவை. 2017இல் எம்பி3யின் உரிமத் திட்டமும் முடிவுக்கு வந்தது. எந்த வடிவத்தின் இலக்கணம் பொதுவில் இருக்கிறதோ, அதற்கு இன்னும் ஐம்பதாண்டு கழித்தும் ஒருவர் படிப்பி எழுத முடியும்.

நீதிமன்றங்கள் சொன்னவை

மின்வழிப் பொருளை மறுவிற்பனை செய்யலாமா என்ற கேள்விக்கு நாடுகள் ஒத்த விடை தரவில்லை. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில், காலவரையற்ற உரிமத்தோடு விலைக்குத் தரப்பட்ட மென்பொருள் விற்கப்பட்டதாகவே கருதப்படும் என்றது. முதல் உரிமையாளர் தன் பிரதியைப் பயன்படாதபடி ஆக்கிவிட்டு அதை விற்கலாம். அதே நீதிமன்றம் 2019இல் டாம் காபினெட் வழக்கில், மின்னூலுக்கு இது பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. மின்னூல் தேய்வதில்லை, பழையதும் புதியதும் ஒன்றே, ஆகவே மறுவிற்பனை பதிப்பாளரின் சந்தையை நேரடியாகத் தாக்கும் என்பது காரணம். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் ரீடிஜி வழக்கில், இணையவழி கைமாற்றும்போது புதிய படி உருவாகிவிடுகிறது என்று கூறி, பயன்படுத்திய ஐடியூன்ஸ் பாடல்களின் விற்பனையைத் தடுத்தது.

இந்திய உச்ச நீதிமன்றம் இரு முறை இந்தப் பொருளைத் தொட்டது, இரண்டும் வரி வழக்குகள். 2004இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர் ஆந்திரப் பிரதேசம் வழக்கில், வட்டில் விற்கப்படும் ஆயத்த மென்பொருள் ஒரு சரக்கே என்றது. 2021இல் எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில், இறுதிப் பயனருக்கான உரிமம் என்ற பெயரில் தரப்பட்டாலும் நடப்பது பிரதி விற்பனையே என்று விளக்கியது. ஒப்பந்தத்தின் தலைப்பைவிட நடந்த கொடுக்கல் வாங்கலின் தன்மையே முக்கியம் என்ற இந்தப் பார்வை, நுகர்வோர் வழக்குகளுக்கும் வழிகாட்டக்கூடியது. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும் அமெரிக்கச் சட்டத்தைவிட நிதானமானது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் அது குற்றம். சட்டப்படி மென்பொருள் பிரதியை வைத்திருப்பவர் காப்புப்பிரதி எடுத்துக்கொள்ளவும் 52ஆம் பிரிவு இடமளிக்கிறது.

கலிஃபோர்னியா வேறு முனையிலிருந்து தொடங்கியது. 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி, உரிமம் மட்டும் தருபவர் அதைத் தெளிவாகச் சொல்லாமல் விற்பனை என்று விளம்பரப்படுத்தக் கூடாது. பயனர் தன் கையில் நிலையாக இறக்கிவைத்துக்கொள்ளக்கூடிய பொருளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே, பணம் செலுத்தும் பக்கத்தில் ‘இது உரிமம் மட்டுமே’ என்னும் அறிவிப்பை ஸ்டீம் சேர்த்துவிட்டது. உடைமையை இச்சட்டம் மீட்டுத் தரவில்லை. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை மறைக்க முடியாமல் செய்தது.

உடைமையின் சுமை

கோப்பு கையில் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் மிகை. வன்வட்டுக்கு ஆயுள் உண்டு. வீட்டில் எழுதிய குறுந்தகடுகள் சில ஆண்டுகளிலேயே படிக்க முடியாமல் போவதுண்டு. வட்டு பழுதான நாளில், ஸ்டீம் கணக்கிலிருந்து மீண்டும் இறக்கிக்கொள்பவருக்கு இழப்பில்லை. ஒரே பிரதியைத் தன் கணினியில் வைத்திருந்தவருக்கு எல்லாம் போகும். ஒரே இடத்தில் இருந்த அச்சுப் பிரதிகளுக்கும் அதே கதிதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் அழிந்தன.

ஆகவே ஒரு படைப்பு நிலைப்பதற்குப் பல பிரதிகள் பல கைகளில் இருக்க வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடி இணையத்தில் வைத்தது இந்த வழியில்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல்களை வெளியிடும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவும் இதே பணியைச் செய்கின்றன. படியெடுக்கத் தடையில்லாத இடத்தில் பாதுகாப்புத் தானே வருகிறது. மின்பூட்டுக்கு எதிரான வலுவான வாதமும் இதுவே: அது திருட்டை முழுதாகத் தடுத்ததில்லை, பாதுகாப்பை மட்டும் தடுத்திருக்கிறது.

மதிப்பீடு

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், மின்வழிப் பொருளில் உடைமை என்பது உண்டு, இல்லை என்று ஒரே சொல்லில் முடியாமல் பல படிகளாக நிற்கிறது. பூட்டற்ற பாடல் கோப்பும் திறமூல மென்பொருளும் மேற்படியில் இருக்கின்றன. பூட்டோடு வந்தாலும் இணையமின்றி இயங்கும் விளையாட்டு நடுவில் இருக்கிறது. சர்வர் அனுமதியின்றித் திறக்காத படமும் மின்னூலும் கீழ்ப்படி. ஓடைச் சேவை வெளிப்படையான வாடகை. எந்தப் பொருள் எந்தப் படியில் இருக்கிறது என்பதை அறிய ஒரே சோதனை போதும்: விற்றவர் கடையை மூடிய பிறகும், இன்னொரு கணினியில், அது திறக்குமா?

நிறுவனங்களிடமிருந்து கேட்க வேண்டியவையும் இதிலிருந்தே வருகின்றன. வாடகையை வாடகை என்று சொல்லி விற்க வேண்டும். சேவையை நிறுத்தினால் பூட்டை நீக்கித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். பயனர் உருவாக்கிய கோப்பைச் சந்தா முடிந்த பின்னும் திறக்க வழி வைக்க வேண்டும். இவற்றில் எதுவும் செய்ய முடியாத காரியம் அல்ல. மைக்ரோசாஃப்டும் கூகுளும் பணத்தைத் திருப்பியிருக்கின்றன, இசைத்துறை பூட்டைக் கைவிட்டிருக்கிறது.

பூட்டில்லாத கோப்பு, வெளிப்படையான வடிவம், தன் கையில் இரண்டு பிரதிகள் ஆகிய மூன்றும் கூடிய பொருளுக்கு முழு விலை கொடுக்கலாம். மற்றவற்றை வாடகையாகக் கருதி, வாடகைக்குத் தகுந்த பணத்தை மட்டும் கொடுப்பதே நியாயம்.